கையெழுத்துப் போடும் முன்னால்

ஹாமில்டன், ஒன்டாரியோ

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா, அம்மா, ஆத்தா எல்லாரும் சௌக்கியம்தானே? இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். பனி இன்னும் விட்டபாடில்லை. பாப்பா தினமும் அதில் உருண்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. பலம் 25 வர வேண்டிய எம்25 கான்கிரீட் தூணுக்கு, அதே கான்கிரீட்டில் வார்த்து 28 நாள் கழித்து உடைத்துப் பார்த்த சோதனைக் கட்டி, அந்த க்யூப், 19-தான் வந்திருக்கிறது. உங்கள் மேலாள் என்னடாவென்றால், சிமெண்டை அள்ளிப் போட்டு வேறு க்யூப் போடு, பழைய தேதியை எழுதி லேபுக்கு அனுப்பிவிடு, எல்லா சைட்டிலும் நடக்கிறதுதான் என்கிறார். போனில் சொன்னால் அம்மா காதில் விழுந்து பயந்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே என் வேலை பெரும்பாலும் பழைய பார்க்கிங் கட்டடங்களில்தான். பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணி கார் சக்கரத்தோடு உள்ளே வந்து கான்கிரீட்டுக்குள் இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு பருத்து மேல் கான்கிரீட்டைத் தூக்கிவிடும். பார்வைக்குத் தளம் நன்றாகவே இருக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சத்தம் மாறும். ஆத்தா தேங்காயைத் தட்டிப் பார்ப்பாளே, அதே மாதிரிதான். அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸில் கோடு போடுவேன். கோடு நீள நீளக் கட்டடக்காரர் முகம் மாறும். 'இவ்வளவும் எழுதணுமா?' என்று கேட்காதவர் குறைவு.

இதே ஒன்டாரியோவில் எலியட் லேக் என்று பழைய யுரேனியச் சுரங்க ஊர் ஒன்று. அங்கே ஆல்கோ சென்டர் மாலுக்குக் கூரை மேலேயே பார்க்கிங். கட்டின காலத்திலிருந்தே ஒழுகல். 2012 ஏப்ரலில் ஒரு இன்ஜினியர் பார்த்துவிட்டுக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். உரிமையாளர் கேட்டுக்கொண்டதால், ஒழுகலைப் பற்றிய வரியையும் ஒரு படத்தையும் அறிக்கையிலிருந்து எடுத்தும்விட்டார். ஜூன் 23-ம் தேதி கூரை இடிந்து இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். துருதான் கூரையைத் தள்ளியது, ஆனால் தப்பு மனுசர்களுடையது என்றுதான் 2014-ல் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. பல வருஷமாகப் பல பேர் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கிறார்கள். ஒரு வரிதானே என்று யாராவது என்னிடம் சொன்னால் அந்த ஊர்தான் நினைவுக்கு வரும்.

நமக்கு இது புதுசா? நொய்யலில் சாயத் தண்ணி ஓடின காலத்தை நாம் மறக்க முடியுமா? ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். கடைசியில் அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அப்பாவின் கிணற்றுத் தண்ணியை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற வரைக்கும் போனது விஷயம். அந்தப் பட்டறைகளிலும் படித்த கெமிஸ்ட்டுகள் இருந்தார்கள், கண்ணு.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். க்யூப் தோற்றுப்போனால் தூணை உடனே இடிக்க வேண்டும் என்றில்லை. கான்கிரீட்டுக்கான நம் இந்திய விதிப் புத்தகம் ஐஎஸ் 456-லேயே வழி இருக்கிறது. அந்தக் கான்கிரீட்டிலிருந்தே குறைந்தது மூன்று கோர், அதாவது உருளைத் துண்டுகள், வெட்டி டெஸ்ட் பண்ணலாம். அவற்றின் சராசரி, வர வேண்டிய பலத்தில் 85 சதவீதத்துக்குக் குறையாமல், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். எம்25-க்குச் சராசரி 21.25 வந்தால் போதும். வரவில்லை என்றால் தூணைப் பலப்படுத்துவதை டிசைன் பண்ணினவர் முடிவு பண்ணட்டும். அதுவரை மேல் தளத்துக்குக் கான்கிரீட் போட விடாதே. இதையெல்லாம் வாயால் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், இன்றைக்கே மெயிலில் எழுது. 19 என்ற எண்ணையும் எழுது. உங்கள் மேலாளுக்கும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டுக்கும் சேர்த்தே அனுப்பு. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். இங்கே என் பேச்சை மீறி வேறு முடிவு எடுத்தாலும், அதனால் என்ன ஆகும் என்று முதலாளிக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே தொழில் ஒழுங்கீனம் என்று சட்டத்தில் இருக்கிறது. நீயும் அப்படியே நடந்துகொள்.

வேலை போய்விடுமோ என்று நீ பயப்படுவது நியாயம்தான். வீட்டு லோன், வரப்போகிற கல்யாணச் செலவு எல்லாம் எனக்குத் தெரியும். அப்படியே ஆனாலும் புது வேலை கிடைக்கிற வரைக்கும் லோன் தவணையை நான் கட்டுகிறேன். உன் மச்சானிடமும் பேசிவிட்டேன், சரி என்றார். அந்தக் கட்டடத்தில் நாளைக்குத் தையல் மிஷின் போட்டுப் பக்கத்து ஊர்ப் பெண்கள் உட்காரப் போகிறார்கள். நம் சித்தி மகளும் அந்த மாதிரிக் கம்பெனிக்குத்தான் போகிறாள்.

மெயில் அனுப்பும் முன் ஒரு தரம் எனக்குக் காட்டு, வாசகத்தைப் பார்த்துத் தருகிறேன். கோர் எடுக்கிற லேப் ஒன்று கோயமுத்தூரில் என் கூடப் படித்தவளுக்குத் தெரியும், நம்பர் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா