வேட்புமனுவை மீளப் பெறாதே: பெறாமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின்னர், அம்மா குசினிக்குள் போன நேரம் பார்த்து, பீட மாணவர் சங்கத்தின் செயலாளர் பதவிக்குப் போட்டியிட நினைப்பதாக என்னிடம் மெதுவாகச் சொன்னாய். சொன்ன கையோடு, "அண்ணாமார் ஏற்கெனவே ஒரு பட்டியல் போட்டுவிட்டார்கள், சித்தி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு உபதலைவர் பதவி தருகிறார்களாம், அதோடு திருப்திப்படச் சொல்கிறார்கள்" என்றும் சொன்னாய். அம்மா திரும்பி வந்ததால் பேச்சு அங்கேயே நின்றுபோனது. அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். உன்னைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் வேறு பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று நீ சம்மதித்ததால், எல்லோருக்கும் தெரியும்படியே எழுதுகிறேன்.

முதலில், இதுவரை உன் அம்மாவிடம்கூட நான் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டாம் வருடத்தில் சங்கத்தின் பத்திராதிபர் பதவிக்கு நானும் வேட்புமனுத் தாக்கல் செய்தேன். முன்மொழிந்தவள் என் அறைத்தோழி, வழிமொழிந்தவள் அடுத்த அறையில் இருந்த சிங்களப் பிள்ளை. அன்றிரவு எட்டு மணியளவில் மூன்றாம் வருட அக்காமார் இருவர் விடுதி நடைவழியில் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் கோபமாகப் பேசவில்லை. ஒருவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டுதான் பேசினார். கோடு போட்ட தாளில், நீல மையில், அழகான கையெழுத்தில், சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அதன் அடியில் என் பெயரும் பதிவிலக்கமும் இருந்தன, கையொப்பத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். சிங்களத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே அப்போது தெரிந்த எனக்கு, "சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற இடம் மாத்திரம் விளங்கியது. பேனாவையும் அவர்களே நீட்டினார்கள். நான் கையொப்பமிட்டேன்.

மறுநாள் காலை, எல்லாப் பதவிகளுக்கும் போட்டியின்றித் தெரிவு என்ற அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அந்த வருடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. அதற்கு அடுத்த வருடமும் நடக்கவில்லை. நான்கு வருடங்கள் அங்கே படித்துப் பட்டம் பெற்று வெளியேறிய நான், ஒரு தடவையேனும் மாணவர் சங்கத் தேர்தலின் வாக்குச்சீட்டைக் கையில் தொட்டதில்லை.

நெடுங்காலமாக இதை எனக்கு நேர்ந்த அவமானமாக மட்டுமே நினைத்து மறைத்து வைத்திருந்தேன். மிகவும் பிந்தித்தான் ஒன்று உறைத்தது. அவர்கள் என்னிடம் வாங்கிப் போனது ஒரு கையொப்பம். ஆனால் அந்தக் கையொப்பத்தோடு, என்னைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாகப் பீடத்தில் படித்த அத்தனை மாணவருடைய வாக்கும் போய்விட்டது. எனக்கு வாக்களித்திருக்கக் கூடியவர்கள் மட்டுமல்லாமல், என்னைத் தோற்கடித்திருக்கக் கூடியவர்களும் அந்த உரிமையை இழந்தார்கள். ஆகவே நீ போட்டியிடுவதை உன் சொந்த ஆசை என்று யாராவது சொன்னால், தலைகுனியாதே. இரண்டாவது பெயர் ஒன்று இருந்தால்தான் தேர்தல் என்ற ஒன்றே நடக்கும்.

அந்த உபதலைவர் பதவியைப் பற்றி. தமிழ்ப் பிள்ளை ஒருவருக்கு அந்த இடம் கிடைப்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் கேள்வி, அந்தப் பிள்ளை யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே. பட்டியல் போட்டவர் தந்த பதவியில் இருப்பவர், பட்டியல் போட்டவரின் முகத்தைப் பார்த்துத்தான் கூட்டத்தில் வாய் திறப்பார். பரீட்சை நேரசூசி தமிழில் ஒட்டப்படவில்லை, விடுதி இடம் ஒதுக்குவதில் முறைகேடு நடக்கிறது, சங்கத்தின் பணம் எங்கே போனது என்று தெரியவில்லை என நீங்கள் முறையிட்டால், "அண்ணாமாரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே அவரால் தரக்கூடிய பதிலாக இருக்கும்.

மாணவர் சங்கம் என்பது விளையாட்டுப் போட்டியும் இசை நிகழ்ச்சியும் நடத்தும் குழு என்று உன் வகுப்பில் சிலர் நினைப்பதாகச் சொன்னாய். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே மாணவர் சங்கங்களுக்கு இடம் வைத்திருக்கிறது. நிர்வாகம் மாணவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் அழைப்பது சங்கத்தைத்தான். மகாபொல புலமைப்பரிசில் பணம் தாமதமானால் குரல் கொடுப்பதும், சிற்றுண்டிச்சாலையின் சாப்பாட்டு விலையைப் பற்றிப் பேசுவதும், விரிவுரைகளைப் பகிஷ்கரிப்பதா இல்லையா என்று தீர்மானிப்பதும் சங்கமே. மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக 2017ஆம் ஆண்டில் அரச மருத்துவ பீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளுக்குப் போகாமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும், அப்போது நீ பாடசாலையில் இருந்தாய். அந்தப் போராட்டத்தின் கோரிக்கையோடு எனக்கு உடன்பாடு உண்டு, இலவசக் கல்வியால் படித்தவள் நான். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பில் பல மாதங்களை நிறுத்தி வைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவரை அந்தப் பிள்ளை தன் வாக்கால் தெரிவு செய்திருக்க வேண்டும், வேண்டாமென்றால் அடுத்த வருடம் மாற்றவும் முடிய வேண்டும். அரசாங்கத்திடம் சனநாயகம் கேட்டு வீதியில் இறங்கும் சங்கம், தன் வீட்டுக்குள் வாக்குப்பெட்டியை வைக்கத் தயங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி, இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணும் நிலை முதன்முதலாக வந்த அந்த சனாதிபதித் தேர்தலில், நீ உன் முதல் வாக்கை அளித்தாய். நாட்டின் தலைவரைத் தெரிவு செய்ய உன்னை நம்பியிருக்கிறார்கள். உன் பீடத்தின் செயலாளரைத் தெரிவு செய்யவும் நம்பத்தான் வேண்டும்.

அம்மாவின் பயத்தை அசட்டை செய்யாதே. அது வெறும் பயமல்ல. 1986 டிசெம்பரில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுயாதீன மாணவர் சங்கத் தலைவராக இருந்த தயா பத்திரன கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் மாற்று மாணவர் அரசியலைச் சேர்ந்தவர்கள் என்றே அன்றிலிருந்து பேசப்படுகிறது. 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2022 ஓகஸ்டில் அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் ஏற்பாட்டாளர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். இவற்றையெல்லாம் செய்தியாகக் கேட்டுக்கொண்டே உங்களை வளர்த்தவர் அம்மா. அவரிடம் மறைத்துப் போட்டியிடாதே. யார் யார் உன்னோடு நிற்கிறார்கள், எந்தக் கட்சியின் பணமும் உன் பிரசாரத்தில் இல்லை, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்பவற்றை நேரே சொல்லு. எந்த விரிவுரையாளர் மாணவர் ஆலோசகராக இருக்கிறார் என்பதையும் அவருக்குத் தெரியப்படுத்து.

பகிடிவதைக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவைப் பற்றி நீ நன்றாக யோசிக்க வேண்டும். முதலாம் வருடப் பிள்ளையை முதல் சில மாதங்கள் பயமுறுத்தி வைத்தால், அந்தப் பயம் தேர்தல் நாளில் வாக்காகத் திரும்பி வரும் என்பது பட்டியல் போடுபவர்களுக்குத் தெரியும். எதிர்த்து நின்றவர்களுக்கு "அன்டி" என்று பெயர் வைத்து, சங்கத்தின் எந்த வேலையிலும் சேர்க்காமல் ஒதுக்குவதும் அதற்காகத்தான். ஆகவே நீ முதலில் போய்ப் பேச வேண்டியது முதலாம் வருடத்தினரிடம். வாக்குக் கேட்க வேண்டாம், அவர்களுடைய வாக்கு இரகசியமானது என்பதை மட்டும் விளக்கிச் சொல்லு. வாக்குச்சீட்டைப் படமெடுத்துக் காட்டும்படி யாராவது கேட்டால் அதற்கு உடன்படத் தேவையில்லை என்று சொல்லு. நாட்டின் பொதுத் தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்துக்குள் கைத்தொலைபேசிக்கு அனுமதியில்லை. அதே ஒழுங்கை உங்கள் தேர்தலுக்கும் வைக்கும்படி தெரிவத்தாட்சி அலுவலராக நியமிக்கப்படுபவரிடம் எழுத்து மூலம் கேள்.

இனி, எங்கள் பிள்ளைகள் வாக்களிக்காமல் இருப்பதைப் பற்றி. தேர்தல் நாளன்று விரிவுரை இல்லையென்றால் பாதிப் பேர் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள், கொழும்பில் இருப்பவர்களும் "இது அவர்களுடைய சங்கம்" என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள் என்று நீ வருத்தப்பட்டாய். ஒதுங்கி நிற்பது எங்களிடம் பழைய வழக்கம். 1931இல் இந்த நாட்டில் முதன்முதலாக எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்ற கொள்கைக்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்த இளைஞர்களின் கொள்கை பெரியது, அவர்களை நான் மதிக்கிறேன். ஆயினும் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபை அந்த மூன்று வருடங்களும் கூடிக்கொண்டுதான் இருந்தது, தீர்மானங்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. அங்கே எழுந்து பேச அந்த நான்கு தொகுதிகளிலிருந்தும் ஒருவரும் இருக்கவில்லை. கொள்கைக்காக ஒதுங்கியவர்களுக்கே அந்த நிலை என்றால், சோம்பலாலும் கசப்பாலும் ஒதுங்கும் எங்களுக்கு எது மிஞ்சும்?

அதே நேரம், தமிழ் வாக்குகளை மட்டும் எண்ணிக்கொண்டு போட்டியிடாதே. செயலாளர் எல்லா மாணவருக்கும் செயலாளர். சிங்கள மொழிமூல விரிவுரை மண்டபத்துக்குப் போய், விரிவுரையாளரின் அனுமதி பெற்று, ஐந்து நிமிடம் சிங்களத்தில் பேசு. உன் சிங்களம் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கும் மகாபொல பிந்தித்தான் வருகிறது, அவர்களும் விடுதியில் நெருக்கியடித்துத்தான் தூங்குகிறார்கள், சங்கத்தின் கணக்கை அவர்களுக்கும் யாரும் காட்டவில்லை. அறிவித்தல்களும் கூட்டக் குறிப்புகளும் சங்கத்தின் யாப்பும் தமிழிலும் இருக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்னாலேயே சொல்லு. 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சலுகை கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. முஸ்லிம் மாணவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவர்களிடம் தேர்தலுக்கு முதல் நாள் போய் நாங்களும் நீங்களும் பேசுவது ஒரே மொழி என்று நினைவுபடுத்துவது மரியாதையல்ல, உன் திட்டத்தை எழுதும்போதே அவர்களை உட்காரவைத்துப் பேசு.

வாக்குறுதிகளைக் குறைத்துக்கொள். உன் இடத்தில் நானென்றால் ஒன்றை மட்டும் பெரிதாகச் சொல்லுவேன்: மாதம் ஒரு தடவை, கனிஷ்ட பொருளாளரும் சிரேஷ்ட பொருளாளராக இருக்கும் விரிவுரையாளரும் கையொப்பமிட்ட வரவுசெலவுக் கணக்கு, மூன்று மொழிகளிலும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். ஒரு தாள்தான். அந்த ஒரு தாள் பலகையில் ஏறினால், அடுத்த வருடம் பட்டியல் போட வருபவர்களிடம் மாணவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

வாக்கு எண்ணும்போது உன் முகவர் ஒருவர் கடைசிவரை இருக்க வேண்டும். எந்த அடையாளம் இட்டால் வாக்குச் செல்லுபடியாகும் என்பதை எண்ணத் தொடங்கும் முன்னரே எழுதி வாங்கிவிடு, ஏனென்றால் நெருக்கமான போட்டியில் சண்டை எல்லாம் நிராகரிக்கப்பட்ட வாக்குகளின் மேல்தான் வரும். தோற்றாலும் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வா. எனக்கு அந்த எண் வேண்டும். என் பெயருக்கு நேரே எழுதப்படும் ஓர் எண்ணை, அது எத்தனை சிறியதாக இருந்தாலும், பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

வேட்புமனு ஏற்கும் கடைசி நாள் வியாழக்கிழமை, மீளப் பெறுவதற்கு வெள்ளி நண்பகல் வரை அவகாசம் என்று சொன்னாய். அந்த வியாழன் இரவு அறையில் தனியாக இருக்காதே, முன்மொழிபவரையும் வழிமொழிபவரையும் உன்னோடு வைத்துக்கொள். எழுதி முடித்த கடிதத்தோடு யாராவது வந்தால், அவர்கள் எத்தனை அன்பாகப் பேசினாலும், வாசித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டு எனக்கு அழைப்பெடு. நள்ளிரவானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
சித்தி