துவரை பூக்கும் முன்னே மருந்து வந்து சேரட்டும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். அணைக்கட்டுப் பக்கம் மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டையும் (நிலக்கடலை), அதற்குள் சால் சாலாக, அதாவது வரிசை விட்டு, துவரையும் போடுகிற விவசாயி எழுதுகிறேன். இந்த மடல், பூ கொட்டாமல் இருக்கப் பயறு வகைகளுக்குத் தெளிக்கும் வளர்ச்சி ஊக்கிகளைப் பற்றியது.

ஆடியில் விதைத்த துவரை ஐப்பசி, கார்த்திகையில் பூவெடுக்கும்போது செடி மஞ்சளாக நிற்கும். பார்க்க மனசு நிறையும். நாலு நாள் வானம் மூடாக்குப் போட்டு மழை பிடித்தால் போதும், செடியில் இருந்த மஞ்சள் சாலுக்குள் தரையில் கிடக்கும். துவரை எப்போதுமே எடுக்கிற பூவில் பெரும்பகுதியை உதிர்த்துவிடும் பயிர்தான். எல்லாப் பூவும் காயாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கொட்டுவதில் கொஞ்சம் நின்றாலும் அது எங்களுக்குப் பருப்பு.

அதற்கு வழி இருப்பது உங்களுக்குத் தெரியும். வறட்சியோ, வேரில் தண்ணீர் தேங்குவதோ, எது நேர்ந்தாலும் செடிக்குள் எத்திலீன் என்ற வாயு கூடுகிறது. பூக்காம்பின் அடியில் பிரியும் அடுக்கு உண்டாகிப் பூ கழன்று விழுகிறது. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி செடியில் போதுமான அளவு இருந்தால் அந்த அடுக்கு உருவாவது தள்ளிப்போகும். செயற்கை ஆக்சினான என்.ஏ.ஏ.வை லிட்டருக்கு 40 மில்லிகிராம் வீதம் பூக்கும் முன் ஒரு தடவையும், 15 நாள் கழித்து இன்னொரு தடவையும் தெளிக்கச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற தெளிப்புக் கலவையில் சத்துகளும் ஊக்கிகளும் சேர்ந்தே இருக்கின்றன: ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், பூக்கும் தருணத்தில். பூ உதிர்வது குறைந்து 20 சதவீதம் வரை மகசூல் கூடும், வறட்சியையும் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு.

சரி, பரிந்துரை இருக்கிறது. அது கொல்லைக்கு வந்து சேருவதில்தான் சிக்கல்.

முதல் சிக்கல் அளவு. 'ஏக்கருக்கு 2 கிலோ' என்பது தனிப்பயிர் போட்டவருக்குச் சரி. மல்லாட்டைக்கு நடுவே நாலைந்து சால் துவரை வைத்திருப்பவருக்கு ஏக்கர் கணக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது டேங்க் கணக்கு. பயறு ஒண்டர் லிட்டருக்கு 10 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம். 100 கிராம் பாக்கெட்டாகவே கொடுத்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூடத் தப்பில்லாமல் கலப்பார்.

என்.ஏ.ஏ.வில் இது இன்னும் முக்கியம். கடையில் கிடைக்கிற 4.5 சதவீத மருந்தில் 10 லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிதான் வேண்டும். எங்கள் பக்கம் பலரும் பாட்டில் மூடியில்தான் அளக்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வொரு அளவு. இப்போது 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயரும் வந்துவிட்டது. அதற்கு 14 மில்லி. கூடினால் நல்லது என்று இரண்டு மூடி ஊற்றினால் இலை முறுக்கிக்கொள்ளும், நிறுத்த நினைத்த பூவே கொட்டும். ஆக்சினின் குணம் அப்படி. மாமரத்துக்கு வாங்கி மீந்ததைத் துவரைக்கு அடிக்கிற வழக்கமும் உண்டு. தயவுசெய்து மருந்தோடு ஒரு மில்லி அளவுக் குப்பியும் கொடுங்கள்.

அடுத்தது நாள். உளுந்தும் பச்சைப்பயறும் 30, 35 நாளில் பூவெடுத்துவிடும். பயிரே 65, 70 நாள்தான். 'அடுத்த வாரம் ஸ்டாக் வரும்' என்ற பதில் வேறு பயிருக்குப் பரவாயில்லை, உளுந்துக்கு அந்தப் போகமே போச்சு. விதை வாங்க வரும்போதே பாக்கெட்டையும் கையில் கொடுத்து, எத்தனையாம் நாள் அடிக்க வேண்டும் என்று அதன் மேலேயே தமிழில் அச்சிட்டுவிடலாம். துவரைக்குப் புரட்டாசிக்குள் வந்தால் போதும். கிடைக்காத வருஷத்துக்கு டி.ஏ.பி. உரக் கரைசலாவது சொல்லிக்கொடுங்கள்: 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம், ராத்திரி ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, சாயங்காலம் அடிப்பது.

கடைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. என்.ஏ.ஏ. போன்றவை 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருகின்றன. உயிரூக்கிகள் (பயோஸ்டிமுலன்ட்) 2021 முதல் உரக்கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. அப்படியிருந்தும் உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாமல், காய்த்துக் குலுங்கும் செடிப் படத்தோடு ஒரு பாட்டிலைப் போன வருஷம் ஒரு கடையில் எனக்கு நீட்டினார்கள். பூ கொட்டுகிற பதற்றத்தில் இருப்பவர் விலை பார்க்காமல் வாங்கிவிடுவார். அனுமதி உள்ளவற்றின் பட்டியலை ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

ஊக்கி தெளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தில் விதைநேர்த்தி, களை, வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல், காய்ப்புழு, இதையெல்லாம் விட்டுவிட்டுப் பூவை மட்டும் நிறுத்திப் பலனில்லை. அதனால் செயல்விளக்கத் திடல் போடும்போது ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒரே கொல்லையில் நாலு சாலுக்குத் தெளித்து, பக்கத்து நாலு சாலைத் தெளிக்காமல் விடுங்கள். அறுவடை அன்று ஊரைக் கூப்பிட்டு இரண்டையும் தனித்தனியே அடித்து, எல்லார் முன்னாலும் எடை போடுங்கள். குடியாத்தம், கே.வி.குப்பம், ஒடுகத்தூர் என்று ஊருக்கு ஒன்று போதும். அடுத்த விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் இதற்குப் பதில் சொன்னால், வருகிற ஆடிக்கு என் கொல்லையிலேயே அந்தச் சால்களை விட்டுத்தரத் தயார்.

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டாரத்துத் துவரை விவசாயி