நனோ வரும்வரை தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

நனோ ரோபோ என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் சலப்பைப் புற்றுநோய்க் கட்டியை 90 வீதம் சுருக்கிவிட்டது என்ற செய்தி இங்கு கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது. செய்தி பொய்யல்ல. ஆனால் சுருங்கியது எலிகளின் கட்டி. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு அது. சிலிக்காத் துகளில் யூரியேஸ் நொதியை ஏற்றினார்கள். நொதி சலத்திலுள்ள யூரியாவை உடைக்க, அந்த உந்தலில் துகள் ஓடுகிறது. கட்டியை அழிப்பது துகளோடு சேர்த்த கதிரியக்க அயடீன் 131.

துகள் ஏன் ஓட வேண்டும்? சலப்பைக்குள் விடும் வழமையான புற்றுநோய் மருந்தான மிட்டோமைசினைப் பாருங்கள். 40 மில்லிகிராமை 40 மில்லிலீற்றரில் கரைத்துக் கதீற்றர் என்னும் மெல்லிய குழாய் வழியே விடுகிறோம். சிறுநீரகம் நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் சலம் இறக்கினாலும் 2 மணித்தியாலத்தில் 120 சேரும்; மருந்தின் செறிவு காற்பங்காகிவிடும். சலப்பையின் உட்சுவரும் மருந்தை இலகுவில் உள்ளே விடாது. கழிவு திரும்ப உடம்புக்குள் ஊறாமல் தடுப்பதே அதன் வேலை. நனோ ஆய்வுகள் மோதுவது இந்த இரண்டு தடைகளோடுதான். கைற்றோசான் பூசிய துகள்களும் அப்படியே: இறால், நண்டுக் கோதிலிருந்து எடுக்கும் கைற்றோசான் நேரேற்றமுள்ளது, மறையேற்றமுள்ள சளிப்படலத்தில் ஒட்டி நிற்கும்.

எலியின் சலப்பை அரை மில்லிலீற்றர் கூடக் கொள்ளாது. மனிதருடையது 400 கொள்ளும். அதோடு கதிரியக்கச் சலத்தைக் கையாளத் தனி அறையும் தனி ஒழுங்கும் வேண்டும். எனவே இது நாளைக்குக் கிளினிக்கில் கிடைக்கும் மருந்தல்ல.

இன்று கையிலிருப்பதைச் சரியாகச் செய்தாலே பலன் கூடும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் மிட்டோமைசினை 20 மில்லிகிராமிலிருந்து 40 ஆகக் கூட்டி, 20 மில்லிலீற்றரிலேயே கரைத்து, நீராகாரம் குறைத்து, சலத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கச் சோடியம் பைகாபனேற்றும் கொடுத்தார்கள். 5 ஆண்டுகளின் பின் கட்டி திரும்பாதவர்கள் 25 வீதத்திலிருந்து 41 வீதமானார்கள். ஆகவே மருந்து விடும் நாளில், வைத்தியர் மறுக்காவிட்டால், 4 மணித்தியாலத்துக்கு முன்னரே தேத்தண்ணியையும் நிறுத்துங்கள். "வெறும் வயிறு கூடாது" என்று வழியில் சோடா வாங்கிக் கொடுக்கும் உறவினர் அறியாமலே மருந்தை ஐதாக்கிவிடுகிறார்கள்.

பி.சி.ஜி. வேறு கதை. காசநோய்த் தடுப்பூசியாகவும் போடும் அதையே சலப்பைப் புற்றுநோய்க்கும் சலப்பைக்குள் விடுகிறோம். வாரம் ஒன்றாக 6 தடவை விடுவது உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி. சலத்தில் இரத்தமோ தொற்றோ இருந்தால், கதீற்றர் போடும்போது கீறினால், அன்று விடக்கூடாது. கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். மறைக்காமல் தாதியிடம் சொல்லுங்கள். விட்ட பின் 6 மணித்தியாலம் ஆண்களும் குந்தியிருந்தே சலம் கழிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கழித்த சலத்தின் மேல் பிளீச் ஊற்றி, 15 நிமிடம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கிணற்றடியில் சலம் கழிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. நோவில்லாமல் சலத்தில் இரத்தம் போனால் "சூடு" என்று இளநீர் குடித்துப் பேசாமல் இருக்கிறோம். இரண்டு நாளில் தானாக நிற்கும்; கட்டி நிற்காது. சுருட்டோ சிகரெட்டோ குடிப்பவர் என்றால் ஒரு தடவை போனாலும் சலப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சலப்பை நோய்ப் பராமரிப்பில் பணிபுரியும் வாசகர்கள்,
யாழ்ப்பாணம்.