ப்ளூபானெட் பூக்களைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள்: டெக்சஸ் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சஸ் மாநிலத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு ஆண்டும் நீங்கள் போடும் நிகழ்ச்சி அட்டவணையில் பொங்கல், சித்திரைத் திருநாள், பிக்னிக், தீபாவளி, ஆண்டு விழா என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கவே இந்த மடல். ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகள், பெற்றோர், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒரு கிராமப்புறக் கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற ஒரு பகுதிக்கு, போங்கள். போய்ப் படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பாமல், ஒரு முழு நாள் அங்கே இருந்துவிட்டு வாருங்கள்.

டெக்சசில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பின்படி ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் பேர். மேற்கே லவிங் கவுண்டியில் 64 பேர். நமக்குக் கவுண்டி என்றால் வீட்டு வரி, வண்டிப் பதிவு, எப்போதாவது ஜூரி அழைப்பு, அவ்வளவுதான். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ என்று நாலு நகரங்களின் ஓரங்களில் வாழ்கிறோம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் வரும் ஊரெல்லாம் பெட்ரோல் போடவும் கழிவறைக்கும் நிறுத்தும் இடம் என்ற அளவிலேயே நமக்குப் பழக்கம். சான் அன்டோனியோவிலிருந்து எத்தனை குடும்பங்கள் பேர்லண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு ஐ-10 சாலை வழியாகப் போய் வருகிறார்கள்! அந்தச் சாலையில் ஷூலன்பர்க் என்ற ஊரின் பெயர்ப்பலகையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அங்கே இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இறங்கியிருந்தால் ஃபயெட் கவுண்டியின் ஓவியத் தேவாலயங்களைப் பார்த்திருப்பார்கள். டுபீனா, ஹை ஹில், அமன்ஸ்வில், ப்ராஹா என்று செக், ஜெர்மானியக் குடியேறிகள் அமைத்த சின்னச் சின்ன ஊர்களில் அவை இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மரக் கட்டடம், செங்கல் கட்டடம் அல்லது கல் கட்டடம். உள்ளே போனால் மேற்கூரை முழுக்க வண்ணம். டுபீனா தேவாலயத்தில் நீல விதானத்தில் பொன் நட்சத்திரங்கள். ஹை ஹில்லில் மரத் தூண்களையே பளிங்கு போலத் தீட்டியிருக்கிறார்கள். பளிங்கு வாங்கக் காசில்லாத பருத்தி விவசாயிகள், தாங்கள் விட்டு வந்த ஊர்க் கோயில்களின் அழகை வண்ணத்தாலேயே கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். டுபீனாவில் அந்த ஓவியங்களை ஒரு காலத்தில் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். 1980களில் ஊர்க்காரர்களே அவற்றை மீட்டெடுத்தார்கள்.

ப்ராஹாவில் இன்று இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள்தான். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சின்ன ஊர் ஒன்பது இளைஞர்களை இழந்திருக்கிறது. அவர்களுடைய நினைவிடம் 1895இல் கட்டிய தேவாலயத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் 15 அன்றும் அங்கே ஊர்த் திருவிழா நடக்கும். வெளியூர் போன பேரன் பேத்திகள் எல்லாம் வந்து சேர்வார்கள்; பூசை, சாப்பாடு, இசை என்று பொழுது போகும். திருவிழாவுக்கு ஊர் திரும்புவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

ஆனால் தமிழ்ப் பள்ளிகள் முதலில் போக வேண்டிய இடம் செர்பின் என்பேன். ஆஸ்டினிலிருந்து கிழக்கே சுமார் ஒரு மணி நேரம், லீ கவுண்டியில், கிடிங்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெண்டுகள் என்றும் சோர்பியர்கள் என்றும் சொல்லப்படும் ஒரு சிறிய ஸ்லாவிய இனம் ஜெர்மனியின் லுசேஷியா பகுதியில் வாழ்கிறது. சுற்றிலும் ஜெர்மன் பேசுபவர்கள், நடுவில் தங்கள் மொழியோடு இவர்கள். தங்கள் லூத்தரன் வழிபாட்டு முறையில் அரசு தலையிடுவதைப் பொறுக்காமலும், பிழைப்புக்காகவும், 1854இல் யான் கிலியன் என்ற பாதிரியாரின் தலைமையில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பென் நெவிஸ் என்ற கப்பலில் கிளம்பினார்கள். வழியில் காலரா தொற்றிப் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அந்த டிசம்பரில் கால்வெஸ்டனில் இறங்கி, உள்நாட்டுக்கு வந்து, நிலம் வாங்கி, ஊர் அமைத்தார்கள்.

1871இல் அவர்கள் கட்டிய தூய பவுல் தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அதில் பிரசங்க மேடை தரையில் இல்லை, மாடத்தின் உயரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆண்கள் மேலே மாடத்திலும் பெண்களும் குழந்தைகளும் கீழேயும் உட்காருவார்களாம். அருகிலேயே வெண்டிஷ் மரபு அருங்காட்சியகம் இருக்கிறது. மெழுகு வைத்துச் சாயம் தோய்த்த ஈஸ்டர் முட்டைகளையும், அந்தக் காலத்து மணப்பெண்கள் உடுத்திய கறுப்புத் திருமண உடையையும் அங்கே பார்க்கலாம். கல்யாணத்தில் கறுப்பு கூடவே கூடாது என்று வளர்ந்த நம் பாட்டிகள் அந்த உடையின் முன் நின்று என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளவே அவர்களைக் கூட்டிப்போகலாம்.

இந்த மக்களின் மொழி டெக்சசில் என்ன ஆயிற்று? கிலியன் வெண்டிஷிலும் பிரசங்கம் செய்தார், ஜெர்மனிலும் செய்தார். சுற்றியிருந்த ஜெர்மானியர்களோடு கொடுக்கல் வாங்கல், பெண் கொடுத்துப் பெண் எடுத்தல் எல்லாம் வளர வளர வீட்டு மொழி முதலில் ஜெர்மனுக்கு மாறியது, பிறகு ஆங்கிலத்துக்கு மாறியது. யாரும் சோம்பேறித்தனத்தால் கைவிடவில்லை. சிறிய கூட்டம், அடுத்தடுத்து இரண்டு பெரிய மொழிகளுக்குள் அகப்பட்டுக்கொண்டது. மொழி போனாலும் பாட்டும் உணவும் முட்டை ஓவியமும் தேவாலயமும் நிற்கின்றன. ஆண்டுதோறும் செப்டம்பரில், நான்காம் ஞாயிறு, வெண்டிஷ் விழாவும் நடக்கிறது.

அப்படியே தெற்கே கார்ன்ஸ் கவுண்டிக்குப் போனால் பன்னா மரியா. அதே 1854ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் நேரத்தில், மேல் சிலேசியாவிலிருந்து வந்த போலந்துக்காரர்கள் லெயோபோல்ட் மோசிகெம்பா என்ற பாதிரியாரோடு அமைத்த ஊர். அமெரிக்காவிலேயே பழைய நிலையான போலந்துக் குடியேற்றம் இதுதான். முதல் நள்ளிரவுப் பூசை ஒரு ஓக் மரத்தடியில் நடந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய சிலேசிய வட்டார வழக்கு பல தலைமுறைகளுக்கு வீட்டிலும் வயலிலும் புழங்கியது. பக்கம் பக்கமாக நிலம் வாங்கி, ஒரே கோயிலுக்குப் போய், தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வாழ்ந்ததால் அது நின்றது.

ஜெர்மானியர்களின் கதை வேறு மாதிரி. நியூ பிரான்ஃபல்ஸ் 1845இலும் ஃப்ரெடரிக்ஸ்பர்க் 1846இலும் உருவானவை. பள்ளி, செய்தித்தாள், பாட்டுச் சங்கம் எல்லாம் ஜெர்மனிலேயே நடந்தன. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் என்றாலே வெறுப்பு என்றாகி, 1918இல் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் என்று டெக்சஸ் சட்டம் போட்டது. அதன்பின் பெற்றோர்களே பிள்ளைகளிடம் ஜெர்மன் பேசுவதைக் குறைத்தார்கள். இன்று டெக்சஸ் ஜெர்மன் பேசுபவர்கள் வயதானவர்கள் மட்டுமே. ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் போவாஸ் என்ற மொழியியலாளர் 2001இலிருந்து அவர்கள் பேச்சைப் பதிவுசெய்து ஆவணமாக்கி வருகிறார். டெக்சஸ் செக் பேச்சுக்கும் அங்கே அப்படி ஒரு திட்டம் உண்டு.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் "நாங்க ஏன் தமிழ் படிக்கணும்?" என்று கேட்கும்போது நாம் கீழடியையும் சங்க இலக்கியத்தையும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்பது ஹூஸ்டனில் பிறந்து வளரும் ஒருவருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் அனுபவம் இந்த மாநிலத்துக்குள்ளேயே, சில மணி நேரக் கார்ப் பயணத்தில், 170 ஆண்டுகளாக இருக்கிறது. நான்கு வெவ்வேறு சமூகங்கள், நான்கு வெவ்வேறு முடிவுகள். எது எதனால் நின்றது, எது எதனால் போனது என்று பிள்ளைகளே பார்த்து, அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, தாங்களே பேசிக்கொள்ளட்டும். நாம் முடிவைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

டாலஸ் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் வந்தால் ப்ளூபானெட் பூக்களுக்கு நடுவில் குழந்தைகளைப் பட்டுப் பாவாடையோடு உட்காரவைத்துப் படமெடுக்க எல்லிஸ் கவுண்டியின் என்னிஸுக்குப் போகிறோம். நல்ல விஷயம். அதே என்னிஸ் ஒரு செக் ஊர். மே மாத இறுதியில் அங்கே போல்கா என்ற செக் மரபு நடன இசைக்கான தேசியத் திருவிழா நடக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் வாக்ஸஹாச்சி. அதன் நடுவே நிற்கும் எல்லிஸ் கவுண்டி நீதிமன்றம், சிவப்பு மணற்கல்லும் இளஞ்சிவப்புக் கருங்கல்லும் கொண்டு 1890களில் ஜே. ரைலி கார்டன் வடிவமைத்தது. தூண்களின் தலையில் செதுக்கிய முகங்கள் ஒன்றைவிட ஒன்று விகாரமாகிக்கொண்டே போகும். சிற்பி ஒரு பெண்ணைக் காதலித்து ஏமாந்ததால் அவள் முகத்தை அப்படிச் செதுக்கினான் என்று ஊரில் கதை. வரலாற்றாய்வாளர்கள் நம்புவதில்லை, கதை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. லா கிரேஞ்சிலும் கிடிங்ஸிலும் இருக்கும் நீதிமன்றங்களும் இதே கார்டன் வடிவமைத்தவைதான்.

டெக்சசின் பல கவுண்டித் தலைநகரங்களில் நடுவில் நீதிமன்றம், சுற்றி நாலு வீதி, வீதி முழுக்கக் கடை. மாட வீதிகள் சூழ்ந்த கோயில் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு நடந்து பார்க்கத் தோதான ஊர்கள். பல கட்டடங்கள் இடிந்துபோகும் நிலையில் இருந்தன. 1999இல் மாநில அரசு நீதிமன்றப் பாதுகாப்புத் திட்டம் கொண்டுவந்த பிறகுதான் ஒவ்வொன்றாகச் சீரமைத்து வருகிறார்கள்.

அழகானதை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அது பாதிப் பயணம்தான். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் ஷுகர் லண்டில் நம்மவர்கள் எவ்வளவு பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள்! அந்த நிலமெல்லாம் கரும்புத் தோட்டமாக இருந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகும், கறுப்பினத்தவர்களைச் சின்னக் குற்றங்களுக்காகச் சிறையில் போட்டு, கைதிகளாக வாடகைக்கு எடுத்து அந்தத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். 2018இல் அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. ரெஜினால்ட் மூர் என்பவர் அங்கே கல்லறைகள் இருக்கும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்; கிடைத்த பிறகுதான் ஊர் அவரைக் கேட்டது. கிடைத்தவர்களில் சிறுவர்களும் உண்டு. மொரீஷியஸிலும் நேட்டாலிலும் ஃபிஜியிலும் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகப் போன தமிழர்களின் வரலாறு தெரிந்த நமக்கு, நம் வீட்டுக்குக் கீழே கிடக்கும் இந்த வரலாறு தெரியாமல் இருக்கக் கூடாது. பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள். மீனாட்சி கோயில் இருக்கும் அதே பிரசோரியா கவுண்டியில், வெஸ்ட் கொலம்பியாவில், கறுப்பினக் குழந்தைகளுக்காக ரோசன்வால்ட் என்ற கொடையாளரின் நிதியுதவியோடு 1921இல் கட்டிய பள்ளி ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் ஒரு நாளில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக் கவலை வரும், தெரியும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஊர்களில் தேர்வு குறைவு. செக் பேக்கரிகளில் கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி கிடைக்கும். பாலாடை, ஆப்ரிகாட், நம் கசகசா எல்லாம் வைத்துச் செய்வார்கள். முட்டை சேர்ந்திருக்கும் என்பதால் கேட்டு வாங்குங்கள். மற்றபடி புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் முடிந்தது. ஆனால் எல்லாச் சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோய் அந்த ஊரில் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் வருவதும் சரியில்லை. அருங்காட்சியகத்தின் நன்கொடைப் பெட்டியில் போடுங்கள், அங்கிருக்கும் சின்னக் கடையில் எதையாவது வாங்குங்கள். இப்படிப்பட்ட இடங்களைப் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். தேவாலயங்கள் வழிபாட்டு இடங்கள். திருமணமோ இறுதிச் சடங்கோ நடந்தால் வெளியே காத்திருக்க வேண்டும். கூட்டமாகப் போவதானால் முன்கூட்டியே ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு கேட்கிறேன். ஒன்று, நாம் மட்டும் போய் வந்தால் போதாது, அவர்களையும் அழையுங்கள். பொங்கல் விழாவுக்கு அரசியல்வாதிகளை மேடையேற்றுகிறோமே, செர்பினிலிருந்து முட்டை ஓவியம் தீட்டும் ஒரு பாட்டியை அழைத்து நம் கோலப் போட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் என்ன? மற்றது, கவுண்டிகளில் வரலாற்றுக் குழு என்று ஒன்று உண்டு. கவுண்டி நிர்வாகம் நியமிக்கும் தன்னார்வக் குழு அது. சாலையோரம் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகும் வரலாற்றுப் பலகைகள் பலவற்றுக்கும் முதல் விண்ணப்பம் அதன் வழியாகத்தான் போகிறது. மாநிலம் முழுக்க இந்தப் பலகைகள் 16,000க்கு மேல் இருக்கின்றன. நம்மில் வரலாற்றில் ஆர்வமுள்ள சிலராவது அந்தக் குழுக்களில் சேர வேண்டும். நம் சமூகத்தின் முதல் குடும்பங்கள், முதல் கோயில், முதல் தமிழ்ப் பள்ளி பற்றிய நினைவுகளையும் யாராவது இப்போதே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் பயணத்துக்கு செப்டம்பர் வெண்டிஷ் விழாவைப் பரிந்துரைக்கிறேன். புதிய பள்ளி ஆண்டு தொடங்கி ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும், தீபாவளி வேலைகள் இன்னும் ஆரம்பித்திருக்காது. ஹூஸ்டன் குடும்பங்கள் 290ஆம் சாலையில் வந்து கிடிங்ஸில் சேர்ந்துகொள்ளலாம். வெயில் இருக்கும், தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். ஒப்புக்கொண்டால், ஆஸ்டின் பக்கத்துக் குடும்பங்களுக்கான வண்டி ஏற்பாட்டையும் அருங்காட்சியகத்தாரோடு பேசுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆஸ்டினிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்