பேத்தியிடம் பேசுவது பற்றி, சரோஜாவுக்கு

தஞ்சாவூர்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குப் பேரன்தான் காரணம். எட்டு மாதம் முடிந்துவிட்டது. தவழ்கிறான், தவழ்ந்துகொண்டே நாள் முழுக்க "த்தா, த்தா" என்கிறான். அவனைத் தூளியில் போட்டுத் தூங்க வைத்த பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. முழங்கால் வலி பரவாயில்லை. மாடி ஏறுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

மியூனிக்கில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையிடம் கோவையில் உட்கார்ந்துகொண்டு போனில் கொஞ்சுகிறேனே, ஏதாவது போய்ச் சேருகிறதா என்று கேட்டிருந்தாய். மழலையில் கொஞ்சாதே, பெரியவர்களிடம் பேசுவது போலப் பேசு என்று குழந்தையின் அம்மா மலர் சொல்வதையும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு இரண்டு நாள் அதே நினைப்பு. எங்கள் மாப்பிள்ளை பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வேலையில் இருக்கிறார் இல்லையா, அவரிடம் கேட்டேன். சில ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கொடுத்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

முதலில் மலருக்குப் பதில். பாட்ரிஷியா குல் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்க, ரஷ்ய, ஸ்வீடன் தாய்மார்கள் பெரியவர்களிடம் பேசுவதையும் தங்கள் கைக்குழந்தையிடம் பேசுவதையும் பதிவு செய்து ஒப்பிட்டிருக்கிறார்கள். குழந்தையிடம் பேசும்போது மூன்று நாட்டுத் தாய்மார்களும் ஆ, ஈ, ஊ போன்ற உயிர் ஒலிகளை ஒன்றோடொன்று கலக்காமல் நன்றாக விரித்துச் சொல்கிறார்கள். இப்படிப் பேசு என்று யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2002-ல் இன்னொன்று பார்த்தார்கள். பூனை, நாயிடம் கொஞ்சும்போதும் பெண்களின் குரல் உச்சத்துக்குப் போகிறது, ஆனால் உயிர் ஒலியை விரிப்பது குழந்தையிடம் மட்டும்தானாம். பேசக் கற்கப்போவது யார் என்று நம் வாய்க்கே தெரிந்திருக்கிறது, சரோஜா. நீ "பாஆஆப்பா" என்று இழுப்பது குழந்தைக்கு ஒலியைப் பிரித்துக் காட்டுவது. மலரிடம் தைரியமாகச் சொல்.

என்னை உலுக்கியது ஜேனட் வெர்க்கரின் ஆய்வு. ரிச்சர்ட் டீஸ் என்பவருடன் சேர்ந்து 1984-ல் வெளியிட்டிருக்கிறார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியிலுள்ள ட, த ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நமக்குப் பட்டு வேறு, பத்து வேறு. ஆங்கிலக்காரர் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் ஆறேழு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டன. பத்து, பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் அநேகமாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் கேட்காத ஒலியை முதல் பிறந்தநாளுக்கு முன்பே காது விட்டுவிடுகிறது. அன்று முதல் இவன் "த்தா" என்றால் நான் வேண்டுமென்றே "ட்டா" என்கிறேன். நிமிர்ந்து என் வாயையே பார்க்கிறான்.

சரி, தொலைவில் இருப்பவர்கள் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு முதலில் மனம் சோர்ந்தது. குல் 2003-ல் செய்த சோதனையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதைப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். மொத்தம் 12 அமர்வுதான். அந்தக் குழந்தைகள், தைவானில் வளரும் குழந்தைகளைப் போலவே சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்டார்கள். அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே பேச்சு எல்லாவற்றையும் டிவியில் காட்டியபோது குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. ஒலிநாடாவிலும் அப்படித்தான். நீ தாலாட்டுகளைப் பதிவு செய்து அனுப்பியது உடனே நினைவுக்கு வந்தது.

இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "எங்கள் இயந்திரம் நேர் எதிர், அத்தை" என்றார். பெல் ஆய்வகத்தில் 'ஆட்ரி' என்று ஒரு இயந்திரம், நீயும் நானும் பிறந்த 1952-ல் செய்தது. பழகிய குரலில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களை மட்டும் அது புரிந்துகொண்டது. 2022-ல் ஓப்பன்ஏஐ என்ற நிறுவனம் வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற மென்பொருளுக்கு 6,80,000 மணி நேரப் பதிவுகளைக் கொடுத்துப் பழக்கினார்களாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இராப்பகலாகக் கேட்டாலும் 77 வருடத்துக்கு மேல் ஆகும். அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு ஆங்கிலம். வீட்டு வேலைக்கு வரும் செல்வியின் பேச்சை என் போன் தப்புத் தப்பாக எழுதுகிறது, நான் பேசினால் ஓரளவு சரியாக எழுதுகிறது. செல்வி மாதிரிப் பேசுகிறவர்களின் குரலை அதற்கு யாரும் போதுமான அளவு கொடுக்கவில்லை போலிருக்கிறது. இயந்திரத்துக்குப் பதிவுகள் நிறையக் கிடைத்தால் போதும். குழந்தைக்கு எதிரே ஆள் வேண்டும்.

அந்த ஆள் திரையில் இருந்தால்? நல்ல செய்தி இதுதான். 2014-ல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் சரியாக உன் பேத்தி வயதுக் குழந்தைகளுக்கு, 24 முதல் 30 மாதம், புதுச் சொற்களைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நேரில், சிலருக்கு வீடியோ அழைப்பில், மற்றவர்களுக்கு வேறொரு குழந்தையுடன் பேசிய அழைப்பின் பதிவைக் காட்டி. நேரில் கற்றவர்களைப் போலவே வீடியோ அழைப்பில் பேசியவர்களும் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. ஆக, திரையைக் குறை சொல்ல முடியாது. பதில் வருகிறதா என்பதுதான் விஷயம். அந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு உனக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன், மணி பதினொன்று ஆகியிருந்தது.

பதிவுப் பாட்டுகளை நிறுத்தச் சொல்லவில்லை, உன் குரல் அந்த வீட்டில் கேட்கட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஒரே மூச்சில் பாடி முடித்துவிடாதே. "நிலா நிலா" என்று தொடங்கிவிட்டு நிறுத்து. அவள் ஏதாவது சொல்வாள், ஜெர்மனில் சொன்னாலும் பரவாயில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போ. ஸ்பூனைக் காட்டினால் நீயும் ஒரு கரண்டியை எடுத்துக் காட்டு. மலர் போனை சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகாமல் பக்கத்தில் உட்காரட்டும்.

அப்புறம், மாசியில் வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, தேதியை முடிவு செய். தூளி அசைகிறது, எழுந்துவிட்டான்.

அன்புடன்,
விசாலம்