மொச்சை ஏன் வேகவில்லை?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறான். எனக்கு அடுப்படி வேலை கூடிவிட்டது, ஆனால் அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

சரி, மொச்சைக்கு வருகிறேன். எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை, இனி டப்பாவில் அடைத்த பயறுதான் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. உன் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. புது வீட்டுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். பயறின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினை இவை இன்னும் இறுக்கிவிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆர்.ஓ. வடிகட்டி இயந்திரத்துத் தண்ணீரை எடுத்துப் பார்.

அப்புறம் உப்பு. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று கேட்டே வளர்ந்தோம். ஊறவைக்கும் தண்ணீரைப் பொறுத்தவரை அது நேர்மாறு. உப்பிலுள்ள சோடியம், தோலிலிருக்கும் கால்சியத்தைக் கொஞ்சம் வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தோல் இளகும், வேகும்போது வெடித்துப் பிரிவதும் குறையும். லிட்டருக்கு 15 கிராம் தூள் உப்பு, அதாவது மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, போதும். ஊறியதும் வடித்து அலசிவிடு.

ஊறுவதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பாரேன். முதலில் தோல் மட்டும் தண்ணீரைக் குடித்து உப்பி, கிழவி கை போலச் சுருங்கும். அப்போது பலர் ஊறிவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். உள்ளே பருப்பு இன்னும் காய்ந்தேதான் இருக்கும். சுருக்கம் மறைந்து தோல் மறுபடி வழவழப்பாக வேண்டும். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து பார்: நடுவில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு தெரிந்தால் இன்னும் நேரம் கொடு. 8 மணி நேரம் பெரும்பாலும் போதும். வெயில் காலத்தில் அதற்கு மேல் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்துவிடு. முதல் நாள் ஊறப்போட மறந்துவிட்டால், 2 நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் மூடி வை. ஓரளவு ஈடுகட்டும்.

புளி, தக்காளி எல்லாம் பயறு மெத்தென்று வெந்த பிறகுதான். புளிப்பு பட்டால் அதற்கு மேல் இளகுவது மிகவும் மெதுவாகிவிடும். சமையல் சோடா சீக்கிரம் வேகவைக்கும்தான். கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் போய்விடும். எனக்கு அது வேண்டாம்.

இத்தனையும் செய்து வேகவில்லை என்றால் பயறு பழசு. வெக்கையும் ஈரமுமான இடத்தில் ரொம்ப நாள் கிடந்த பயறு என்ன செய்தாலும் கல்லாகவே நிற்கும். அதோடு மல்லுக்கட்டாதே.

சிவப்பு ராஜ்மா பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உன் மகள் மெதுவாக வேகவைக்கும் மின்பானை வாங்கியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அதிகம். நாலைந்து பயறு வேகாமல் உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். அந்தப் பானையில் சூடு பல சமயம் 80 டிகிரியைத் தாண்டாது, அரைகுறைச் சூட்டில் நச்சு கூடவும் கூடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன் பிறகு பானையில் போடச் சொல். குக்கரில் நன்றாக வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

குக்கர் என்றதும் நினைவு வருகிறது, தண்ணீரும் பயறும் சேர்ந்து பாதிக்கு மேல் வேண்டாம். நுரை பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆவி தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கிவிட்டால் தோல் கிழிந்துபோகும்.

உன் வீட்டுக்காரருக்கு வாயுத் தொல்லை என்றாயே. பயறில் நம் குடலால் செரிக்க முடியாத சர்க்கரைகள் சில உண்டு, பெருங்குடலில் உள்ள பாக்டீரியா அவற்றைத் தின்று வாயுவாக்குகின்றன. ஊறிய தண்ணீரில் அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதால் கொட்டிவிடுவதே நல்லது. முதலில் சிறிய அளவாகக் கொடுத்துப் பழக்கு.

ஒரு டம்ளர் காய்ந்த பயறு வெந்தால் கிட்டத்தட்ட இரண்டரை டம்ளர் வரும். மிச்சத்தைக் கொஞ்சம் வெந்த தண்ணீரோடு சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 3 நாளுக்கு மேல் வேண்டாம்.

வடிகட்டிய தண்ணீரில் ஒரு தடவை போட்டுப் பார்த்து எப்படி வந்தது என்று எழுது. மருத்துவர் அடுத்து எப்போது வரச் சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது.

உன் பெஞ்சுத் தோழி