நெல்மணிக் கணக்கின் கடைசி இலக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து எத்தனை மணிகள் வேண்டும் என்ற பழைய கணக்குக்கு, தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் 18446744073709600000 என்று விடை அச்சாகியிருந்தது. சரியான விடை 18446744073709551615.

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்திதான் பிழையை முதலில் கண்டாள். முதல் கட்டத்தைத் தவிர மற்றவற்றில் எல்லாம் இரட்டைப்படை எண்ணிக்கைதானே, அப்படியிருக்க மொத்தம் எப்படிப் பூஜ்யத்தில் முடியும் தாத்தா என்று கேட்டாள். பிறகு நோட்டில் 2, 4, 8, 16, 32, 64 என எழுதிக்கொண்டே போய், ஒன்றாம் இலக்கம் 2, 4, 8, 6 என்றே திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினாள். 64 நான்கால் வகுபடுவதால் 2-இன் 64-ஆம் அடுக்கு 6-இல் முடியும். 1, 2, 4 என இரட்டித்து வரும் எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் அடுத்து வரவேண்டிய எண்ணைவிட ஒன்று குறைவு; ஆகவே 64 கட்டங்களின் மணிகள் 2-இன் 64-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைந்து 5-இல்தான் முடிய வேண்டும்.

விரிதாள் மென்பொருள்கள் 15 இலக்கங்களுக்கு மேல் உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிக் காட்டுவதுண்டு. தோராயம் என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இரு எண்களுக்கும் வித்தியாசம் வெறும் 48,385. நெல்லாக அளந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. ஆனால் அந்த ஒரு கிலோவில் இந்த எண்ணின் குணமே மாறிவிடுகிறது. சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும், ஆகவே அது 3-ஆல் வகுபடும். அச்சான எண்ணின் கூட்டுத்தொகை 70, அது வகுபடாது.

இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பிரிக்கும் பள்ளிச் சூத்திரத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால், இவ்வெண் 3, 5, 17, 257, 65537, 4294967297 ஆகியவற்றின் பெருக்கற்பலனாக விரிந்துவிடும். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அவ்வாறே என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அது 641-ஐ 6700417-ஆல் பெருக்கக் கிடைப்பது என்று காட்டினார். ஃபெர்மாவைப் போன்ற மேதை தவறவிட்ட ஒன்றை இன்று ஒரு மாணவி பென்சிலால் ஐந்து நிமிடத்தில் பெருக்கிச் சரிபார்க்க முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆக, நம் நெல்மணி எண்ணுக்கு ஏழு பகாக் காரணிகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது என்பதால் அதன் வகுத்திகள் மொத்தம் 128.

அடுத்த மாணவர் பக்கத்தில் இருபது இலக்கங்களையும் விடாமல் அச்சிட்டுத் திருத்தம் வெளியிடுமாறும், கூடவே 641-ஐ 6700417-ஆல் பெருக்கிப் பார்க்கும் பயிற்சியையும் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்